யாருக்குப் பின்னால் யார்: பதின்ம வயதில் நட்பும் தலைமையும் பின்தொடர்தலும்

பதின்ம வயதுப் பிள்ளை ஒருவன் வழிமாறிப் போய்விட்டான் என்று பேச்செழும்போது, பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் முதலில் வரும் கேள்வி, "யாரோட சேர்ந்து இப்படி ஆனான்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த வயதில் நட்பு வட்டம் பிள்ளைகளை எவ்வளவு ஆழமாக ஈர்க்கிறது என்பதைப் பெற்றோர் சரியாகவே உணர்ந்திருக்கிறார்கள். ஆனால், எங்கோ ஒரு கெட்ட தலைவன் இருக்கிறான், அவன் இழுக்கிறான், நம் பிள்ளை இழுபடுகிறான் என்ற எண்ணமும் அதற்குள் இருக்கிறது. பதின்ம வயதினரின் குழுக்களைப் பற்றி நெடுங்காலமாக நடந்துவரும் ஆய்வுகள் இந்த எண்ணத்தை அப்படியே ஏற்பதில்லை. ஒரு குழுவின் தலைவனைப் பெரும்பாலும் அவனைப் பின்தொடர்பவர்களே உருவாக்குகிறார்கள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு வாய்மூடி இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவன் அடுத்து என்ன செய்வான் என்பது அமைகிறது. தலைமைப் பண்பு முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியையாவது, யாரைப் பின்தொடர்வது, எதுவரை பின்தொடர்வது, எந்த இடத்தில் நின்றுகொள்வது என்பதைப் பழக்குவதில் காட்டுகிறோமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வயதில் கூட்டாளிகள் ஏன் இத்தனை முக்கியமாகிவிடுகிறார்கள் என்பதற்கு உடலிலேயே ஒரு காரணம் உண்டு. பருவமடைதலை ஒட்டி, மூளையில் இன்பத்தையும் வெகுமதியையும் உணரும் பகுதிகள் கூர்மை பெறுகின்றன. நிதானித்துத் திட்டமிடுவதற்கும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்கும் உரிய மூளையின் முன்பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்களான மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பதின்ம வயதினரிடமும் இளைஞரிடமும் பெரியவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் தனியாக ஆடினார்கள். சிலர் தம் வயதொத்த இருவர் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். ஆள் பக்கத்தில் இருந்ததால் 24 வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆட்டம் மாறிவிடவில்லை. 13 முதல் 16 வயது வரையுள்ளவர்களோ, கூட்டாளிகள் இருந்தபோது வெகுவாகத் துணிந்து ஆபத்தை நாடினார்கள். பின்னர், 2011இல், ஸ்டைன்பெர்க் குழுவினர் அதே போன்ற விளையாட்டை மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் வைத்து நடத்தினார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தாலே, பதின்ம வயதினரின் மூளையில் வெகுமதியை உணரும் பகுதிகள் கூடுதலாகத் தூண்டப்படுவதை அவர்கள் கண்டார்கள். "செய்யுடா" என்று யாரும் ஏவ வேண்டிய தேவையில்லை, பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் நேரும் அதே காலத்தில் வேறோர் இடப்பெயர்ச்சியும் நேர்கிறது. இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கில்தான் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28. ஆனால் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளை அடுத்து ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் 1இல் உட்கார வேண்டும். மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டுப் படிவம் 1க்குப் போகும் வழக்கமும் உண்டு. பெற்றோரின் பேச்சு பெரும்பாலும் பாடங்களையும் மலாய்மொழியையும் சுற்றியே இருக்கிறது. அந்தப் பெயர்ச்சியில் பிள்ளை இழப்பது அதைவிடப் பெரிய ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

நூறு, நூற்றைம்பது மாணவர்கள் படிக்கும் தமிழ்ப்பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஆறாம் ஆண்டில் மாணவர் தலைவனாக இருப்பவனே சபைகூடலில் உறுதிமொழி வாசிக்கிறான், கதை சொல்லும் போட்டிக்கும் போகிறான், குறுக்கோட்டத்திலும் ஓடுகிறான். எல்லா ஆசிரியர்களுக்கும் அவனுடைய பெயர் தெரியும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அவனை "அண்ணே" என்று அழைக்கிறார்கள். சில வாரங்களில், ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் அவன் பெயரில்லாத ஒருவனாகிவிடுகிறான். வகுப்பைச் சிரிக்கவைக்கும் பேச்சுத் திறமைதான் அவனுக்குச் செல்வாக்கைத் தேடித் தந்திருந்தது. அந்தத் திறமை தமிழில் இருந்தது. மலாயில் பாடம் படித்துவிடலாம், தேர்வும் எழுதிவிடலாம். சட்டென்று ஒரு பதிலடி கொடுத்து நான்கு பேரைச் சிரிக்கவைக்கும் அளவுக்கு அந்த மொழி நாவில் ஏற இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆகும். அதுவரை அவன் பேசாமல் இருக்கிறான், அல்லது உடம்பால் பேசக் கற்றுக்கொள்கிறான். படிவம் 1இல் திடீரென்று முரடாகிப்போன பையன்களைப் பற்றிக் கட்டொழுங்கு ஆசிரியர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம், இந்த மௌனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அந்த முதல் வாரங்களில் ஓய்வு நேரத்துச் சிற்றுண்டிச்சாலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் மூத்த மாணவன் ஒருவன், "தம்பி, எந்தத் தமிழ்ப்பள்ளி நீ? வா, இங்க உக்காரு" என்று சொன்னால், அந்தக் குரலின் கடனை அவன் நெடுநாள் மறக்கமாட்டான். கூப்பிட்டவன் யார் என்பதைப் பொறுத்து அடுத்த ஐந்தாண்டுகள் அமையக்கூடும். அவன் சாரணர் இயக்கத்தில் இருப்பவனாகவும் இருக்கலாம். பள்ளிக்கு வெளியே ஒரு கும்பலின் விளிம்பில் நிற்பவனாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் அதே அன்போடு, அதே தமிழில்தான் கூப்பிடுகிறார்கள். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி வகுப்பு நடத்த வழி இருக்கிறது. அந்த வகுப்பை நாம் மொழிக்காகவும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்காகவும் மட்டுமே வற்புறுத்துகிறோம். புதிதாக வந்த பிள்ளைக்கு, ஆசிரியர் ஒருவரின் கண்பார்வையில், தன் மொழியில் வாய்திறந்து பேசி ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள அதுவே வாய்ப்பாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குழுவுக்குள் தலைமை எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்தது. டெக்ஸ்டர் டன்ஃபி அங்குள்ள பதின்ம வயதினரோடு தெருமுனைகளிலும் கடற்கரைகளிலும் பழகி, 1963இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பிள்ளைகள் முதலில் ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் சிறு சிறு குழுக்களாக இருப்பார்கள். பிறகு அந்தக் குழுக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பெரிய கூட்டமாகும். கடைசியில் அந்தக் கூட்டம் கலைந்து இணைகளாகப் பிரியும். இந்தப் பயணத்தில் அடுத்த கட்டத்துக்கு ஓர் அடி முன்னால் போயிருப்பவனே குழுவின் தலைவனாக ஏற்றுக்கொள்ளப்பட்டான். அவன் மற்றவர்களுக்கு வழிகாட்டவும் வேண்டும், பின்தங்கியவர்களைத் தட்டிக்கொடுத்து அழைத்துச் செல்லவும் வேண்டும். தானே பின்தங்கிவிட்டால் தலைமை கைமாறிவிடும். அவனைத் தவிர ஒவ்வொரு குழுவிலும் எல்லாருக்கும் பிடித்த ஒரு வேடிக்கைப் பேச்சாளனும் இருந்தான். தலைவன் கொடுக்கும் அழுத்தத்தை இறக்கிவைப்பதும், குழு உடையாமல் பார்த்துக்கொள்வதும் அவனுடைய பங்கு. நம் பையன்களின் கூட்டத்திலும் இந்த இருவரையும் எளிதில் அடையாளம் காணலாம். பெற்றோர் தலைவனையே தேடுகிறார்கள். வேடிக்கைப் பேச்சாளனின் பேச்சுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

செல்வாக்கு என்பதும் ஒரே வகையானதன்று. "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று வகுப்பில் ஒவ்வொருவரிடமும் கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும், "இந்த வகுப்பிலேயே பெரிய ஆள் யார்?" என்று கேட்டால் வேறொரு பட்டியல் கிடைக்கும். தொடக்கப்பள்ளியில் இரண்டும் பெருமளவு பொருந்தி வருகின்றன. பதின்ம வயதில் விலகிப்போகின்றன. விர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழுவினர் 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயது வரை தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த விலகலின் பின்விளைவைக் காட்டுகிறது. 13 வயதில் தோற்றத்துக்கும் காதலுக்கும் சிறு குற்றங்களுக்கும் அவசரப்பட்டுப் பெரியவர்களைப் போல் நடந்துகொண்டவர்கள் அப்போது பெரிய ஆட்களாக மதிக்கப்பட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த மதிப்பு கரைந்துபோனது. இருபதுகளின் தொடக்கத்தில் மதுப் பழக்கத்திலும் குற்றச் செயல்களிலும் நட்பைப் பேணுவதிலும் அவர்களே மற்றவர்களைவிட அதிகம் சிரமப்பட்டார்கள். படிவம் 1இல் எல்லாரும் அண்ணாந்து பார்த்த ஒருவனைப் படிவம் 5இல் யாருமே பொருட்படுத்தாமல் போவதை நம் வட்டாரத்தில் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது. ஆனால் பதின்மூன்று வயதில் அவனுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று. அவனுடைய உலகில் படிவம் 5 வெகு தொலைவில் இருக்கிறது.

பின்தொடர்தல் எப்படி ஒரு திறமையாக வளர்கிறது என்பதைப் பார்க்க, பினாங்கில் உருமி மேளக் குழுவின் பயிற்சியைவிட நல்ல இடத்தை நான் அறியேன். பினாங்கின் மலைமேல் முருகன் கோயிலான தண்ணீர்மலையின் தைப்பூசத்துக்குப் பல வாரங்கள் முன்பே, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்திலும் கோயில் வளாகங்களிலும் மாலை நேரத்தில் அடி கேட்கத் தொடங்கிவிடும். புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே தோலைத் தொடக் கிடைப்பதில்லை. அவன் வாத்தியங்களைத் தூக்கி வருகிறான், தண்ணீர் வாங்கி வருகிறான், மற்றவர்கள் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பிறகு தாளம் கைக்கு வருகிறது. அதன் பிறகு தவில். உருமி எல்லாருக்கும் வருவதில்லை. தாளத்தில் நிற்கும் சிறுவன் ஓட்டத்தைத் தவறவிடும்போது நல்ல தலைவன் அடியை நிறுத்திக் கத்துவதில்லை; அடித்துக்கொண்டே அவன் பக்கத்தில் போய் நின்று, "தவிலைப் பார்க்காதே தம்பி, என் கையைப் பாரு" என்கிறான். சிறுவன் கையைப் பார்க்கிறான். நான்கைந்து அடிகளில் ஓட்டத்துக்குள் வந்துவிடுகிறான். தைப்பூசத்தன்று, காவடி எடுத்தவர் தளர்வதைத் தலைவன் முதலில் கவனித்து ஓட்டத்தை மாற்றினால், பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஒரு சொல்கூட இல்லாமல் அவனோடு மாறுகிறார்கள். அந்த நேரத்தில் அங்கே பின்தொடர்வது என்பது விழிப்போடு கேட்பது. அடுத்து வரப்போவதை ஊகித்துத் தயாராக இருப்பது. தன் அடி தனியாகத் தெரியவேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்வது. சில ஆண்டுகளில் அதே சிறுவன் வேறொருவனுக்குக் கையைக் காட்டுகிறான். உருமிக் குழுக்கள் மீது கோயில் நிர்வாகங்களுக்கு மனக்குறைகள் இருப்பதும், சினிமாப் பாட்டும் தகராறும் புகுந்த இடங்கள் இருப்பதும் உண்மைதான். ஆனாலும், பின்னால் நின்று கற்று முன்னால் வரும் ஏணி ஒன்று இவ்வளவு தெளிவாக அமைந்திருக்கும் வேறிடம் நம் பையன்களுக்கு அதிகமில்லை. அதை ஒழுங்கின்மை என்று ஒதுக்கிவிடுவதற்கு முன் பொறுப்புள்ள பெரியவர் ஒருவரை அங்கே உட்காரவைப்பது நல்லது.

பெண் பிள்ளைகளுக்கு இத்தகைய வெளிப்படையான ஏணி இன்னும் குறைவு. வலைப்பந்துக் குழு, நடன வகுப்பு, தேவாரப் பயிற்சி ஆகியவை சிலருக்கு அந்த வாய்ப்பைத் தருகின்றன. தாயும் தந்தையும் தொழிற்சாலையில் முறைமாற்றி வேலை செய்யும் வீட்டில், பதினான்கு வயது மூத்த மகள் தம்பி தங்கைகளுக்குச் சோறு போட்டு, குளிக்கவைத்து, வீட்டுப்பாடம் பார்த்துக் குடும்பத்தையே நடத்துகிறாள். அதைத் தலைமை என்று யாரும் எண்ணுவதில்லை, அவளும் எண்ணுவதில்லை. மறுபுறம், பெண் பிள்ளைகளின் குழுக்களில் அதிகாரம் பெரும்பாலும் விலக்கிவைப்பதன் மூலம் செயல்படுகிறது. வாட்ஸ்அப் குழு ஒன்றிலிருந்து ஒருத்தியை நீக்கிவிட்டு அவள் இல்லாத புதுக் குழுவை உருவாக்குவது ஒரு நிமிட வேலை. நீக்கியவள் ஒருத்திதான், ஆனால் புதுக் குழுவுக்குள் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்த மற்ற ஆறு பேர் இல்லாமல் அது நடந்திருக்காது.

அந்த ஆறு பேரைப் பற்றித்தான் பகடிவதை, அதாவது சக மாணவரைத் துன்புறுத்துவது, குறித்த ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளாக அதிகம் பேசிவருகின்றன. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் உடனாய்வாளர்களும் 1996இல், 12, 13 வயது மாணவர்களிடம் ஆய்வு செய்து, பகடிவதை இருவருக்கிடையே நடப்பதன்று, முழு வகுப்பும் பங்கேற்கும் நிகழ்வு என்று காட்டினார்கள். வதைப்பவனும் வதைபடுபவனும் தவிர, கைகொடுக்கும் உதவியாளர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், வதைபடுபவருக்காக நிற்பவர் என்று மற்றவர்களும் ஆளுக்கொரு பங்கை வகிக்கிறார்கள். கனடாவில் டெப்ரா பெப்ளரும் வெண்டி கிரெய்க்கும் உடனாய்வாளர்களோடு பள்ளித் திடல்களைப் படம்பிடித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், சக மாணவர் ஒருவர் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட சம்பவங்கள் பத்து விநாடிகளுக்குள் நின்றுபோயின. அங்கே குறுக்கிட்டவர்கள் மாணவர் தலைவர்களாக இருக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. நம் பள்ளிகளில் பகடிவதைச் செய்தி வரும்போதெல்லாம் வதைத்தவனுக்கு என்ன தண்டனை என்பதிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. கைப்பேசியில் படம்பிடித்தவனையும் சுற்றி நின்று சிரித்தவர்களையும் பற்றி யாரும் பேசுவதில்லை.

சிரிப்பைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் செய்த ஆய்வுகள் சான்று. 13, 14 வயதுப் பையன்கள் நண்பனோடு பேசுவதை அவர் படம்பிடித்துப் பார்த்தார். விதிமீறலைப் பற்றி ஒருவன் பேசும்போது மற்றவன் சிரித்து வரவேற்ற இணைகளில், பின்னாளில் குற்றச் செயல்கள் அதிகமாகின. அதைவிடக் கசப்பான பாடம் ஒன்றை அவரும் ஜோன் மெக்கார்டும் ஃபிரான்சுவா பூலானும் 1999இல் எழுதினார்கள்: சிக்கலில் இருக்கும் பிள்ளைகளை ஒன்றாகத் திரட்டி முகாமோ குழுப் பயிற்சியோ நடத்தினால், சில நேரங்களில் அவர்கள் ஒருவரையொருவர் இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்ததை ஒட்டி நம் சமூகத்தில் எழுந்த பதற்றத்தில், "பிரச்சினை மாணவர்கள்" என்று தனியே பிரித்து அவர்களுக்கு மட்டும் நன்னெறி முகாம் நடத்தும் யோசனை பலருக்கும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அந்த வேலை, ஒரு தைக்கோவுக்கு, அதாவது கும்பல் தலைவனுக்கு, தேவையான பார்வையாளர்களை நாமே பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக முடியலாம். ஒன்றிரண்டு பேரை, வேறு வகைப் பிள்ளைகள் நிறைந்த காற்பந்துக் குழுவிலோ தண்ணீர்ப்பந்தல் பணியிலோ கலந்துவிடுவது, மெதுவானது என்றாலும், பாதுகாப்பான வழி.

பெரியவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதும் பிள்ளைகளின் தலைமையை வடிவமைக்கிறது. குர்ட் லெவினும் ரொனால்டு லிப்பிட்டும் ரால்ப் ஒயிட்டும் 1930களின் இறுதியில் அயோவாவில் பத்து வயதுச் சிறுவர் மன்றங்களில் செய்த சோதனைகளில், அதட்டி வேலைவாங்கிய பெரியவர் அறையை விட்டு வெளியேறியதும் சிறுவர்களின் வேலை படுத்துவிட்டது. கலந்துபேசி நடத்தியவர் வெளியேறியபோது வேலை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. நம் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் தலைவர் பட்டை பெரும்பாலும் நன்றாகப் படிக்கும், ஆசிரியருக்கு அடங்கிய பிள்ளைகளுக்கே போகிறது. அவர்களுடைய வேலையும், ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரை எழுதிவைப்பதாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பட்டை அணிந்தவனை மற்றவர்கள் பின்தொடர்வதில்லை, அஞ்சுகிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அந்த அதிகாரத்தில் ஒரு துளிகூட அவனோடு வருவதில்லை. பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு இருப்பதால், பதவிக்காகவே பதவி தேடும் போக்கும் சேர்ந்துகொள்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளுக்குப் புள்ளி உண்டு. கூப்பிட்டபோதெல்லாம் வந்து நாற்காலி அடுக்கியவனுக்குக் கிடைப்பது குறைவு.

நம் சமூகம் இதைச் சிறப்பாகச் செய்த காலங்களும் இருந்தன. 1950களில் தமிழ் முரசு நாளிதழ் வழியாக கோ. சாரங்கபாணி வளர்த்த மாணவர் மணிமன்றம், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பதின்ம வயதினரை வாசகராக, எழுதுகிறவராக, பிறகு கூட்டம் நடத்துகிறவராகப் படிப்படியாக வளர்த்தது; மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்ற இயக்கத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. 1982இல் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தேர்வுக்கான கூடுதல் வகுப்புகளை நடத்துவதாகவே பலர் நினைக்கிறார்கள். அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் வந்து இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வகுப்பறைக்கு அப்பாலும் பயன் தருகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்தாறு வயது மூத்த, தன் மொழி பேசும், தன்னைப் போன்ற குடும்பத்திலிருந்து வந்த ஒருவர், பின்தொடரத் தகுந்தவராகக் கண்முன் நிற்கிறார்.

பின்தொடர மறுக்கும் திறனும் வயதோடு வளர்வதுதான். ஸ்டைன்பெர்க்கும் கேத்ரின் மோனஹனும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கூட்டாளிகளின் செல்வாக்கை எதிர்த்து நிற்கும் ஆற்றல் 14 வயதிலிருந்து 18 வயது வரை சீராகக் கூடிக்கொண்டே போகிறது; அதற்கு முன் அப்படிப்பட்ட வளர்ச்சி தென்படவில்லை. அதாவது, எதிர்த்து நிற்க மிகக் குறைந்த வலிமை இருக்கும் பருவத்தில்தான் நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டுப் புதிய கூட்டத்துக்குள் போகிறார்கள்; 2021 டிசம்பர் 15 முதல் வாக்குரிமை கிடைக்கும் 18 வயதுக்கு வரும்போது அந்த ஆற்றல் ஓரளவு கைகூடியிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் உதவி தேவைப்படுவது முதல் மூன்று நான்கு மாதங்களுக்குத்தான் அதிகம். அதற்குப் பெரிய நிதியோ திட்டமோ தேவையில்லை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், தன் மாணவர்கள் போய்ச் சேரும் இடைநிலைப்பள்ளிகளில் ஏற்கெனவே படிவம் 3, 4இல் இருக்கும் தன் முன்னாள் மாணவர்கள் நான்கைந்து பேரை ஆண்டிறுதி விடுமுறையில் அழைத்து, புதிதாக வரும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, பள்ளி திறக்கும் முதல் நாள் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை வாசலில் நிற்கச் சொல்லலாம். அந்த நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, முன்பு பட்டை அணிந்திருந்தவர்களை மட்டும் தேடாமல், போன ஆண்டு யாருமே கூப்பிடாமல் தட்டோடு நின்ற ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.